இடது கையில் விழுந்த பள்ளம்

பர்மாவின் பெகு நகரிலிருந்து ஒரு தையற்காரர் எழுதியிருக்கிறார். வயது 52. கடிதத்தைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

"டாக்டர் ஐயா, எட்டு மாதமாக என் இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. விடியற்காலையில் மதமதப்பு எழுப்பிவிடுகிறது. கையை நீட்டி உதறினால் தணிகிறது. முழங்கையின் உட்பக்கத்தில் மந்தமான வலி. ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. இடது கை என்பதால் இதயமோ என்று பயந்து ஈசிஜி எடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் கழுத்து எலும்புத் தேய்வு என்றார். ஒருவர் வாதம் என்றார். வைட்டமின் ஊசி பத்துப் போட்டாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் விட்டு முழங்கையை உருவிவிட்டார், அன்று இரவு முழுவதும் தூக்கமில்லை. சென்ற மாதத்திலிருந்து வலி குறைந்திருக்கிறது, அது ஓர் ஆறுதல். பலாத்தா (பரோட்டா) கடையில் மாவு வீசும் என் மைத்துனருக்கும் முழங்கை வலி. அவருக்கு வெளிப்பக்கம் வலிக்கிறது, மூன்று ஊசி போட்டும் போகவில்லை. இரண்டும் ஒரே வியாதியா? இன்னொன்று, பெரிதாக இருக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சதை உள்வாங்கியிருப்பதாக என் மகள் சொல்கிறாள்."

அன்புள்ள தம்பி,

பெரிதாக இருக்காது என்று நீங்கள் கடைசியில் சேர்த்த அந்த ஒரு வரிக்காகத்தான் மேசையில் கிடந்த மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். உங்கள் மகள் கண்டது மிகப் பெரிய விஷயம். வலி, மதமதப்பு, தூக்கக் கேடு எல்லாம் தொல்லைகள்தான். ஆனால் சதை குறைவது தொல்லையோடு நிற்பதில்லை, அது இழப்பு. வலி குறைந்தது ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். வலி குறையும் அதே காலத்தில் சதையும் குறைந்தால் அது குணமாகும் அறிகுறி அல்ல. உணர்ச்சியைக் கொண்டுபோகும் நார்கள் ஓயத் தொடங்கினாலும் வலி குறையும். ஆகவே இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரமே கையை ஒரு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல்வரை ஒரு வெட்டு வெட்டுமே, அதை அறியாதவர் இல்லை. அங்கே அடிபடுவது எலும்பு அல்ல, நரம்பு. அல்னார் நரம்பு என்று பெயர். கழுத்திலிருந்து புறப்பட்டு, கையின் உட்பக்கமாக இறங்கி, முழங்கையின் உட்புற எலும்பு முண்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய வழியில் நுழைந்து முன்கைக்குப் போகிறது. நம் உடம்பில் ஒரு பெரிய நரம்பு இவ்வளவு மேலாக, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே காப்பில்லாமல் ஓடும் இடங்கள் மிகக் குறைவு.

நீங்கள் தையற்காரர் என்பதால் உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பாவாடைக்கு நாடா கோர்க்க இடுப்பில் ஒரு பட்டி மடித்துத் தைப்பீர்கள். துணி விரிந்து கிடக்கும்போது நாடா அதற்குள் தாராளமாக ஓடும். பட்டியை மடக்கிப் பிடித்தால் நாடா அந்த மடிப்பில் சிக்கும், இழுத்தால் இறுகும். முழங்கையில் நடப்பதும் அதுதான். கையை நீட்டியிருக்கும்போது நரம்பின் வழி அகலமாக இருக்கிறது. முழங்கையை மடக்க மடக்க மேலே கூரைபோல் இருக்கும் இழைக்கட்டு இறுகி வழி குறுகுகிறது. நரம்பும் எலும்பு முண்டைச் சுற்றி வளைந்து இழுபடுகிறது. ஐந்து நிமிடம் இப்படி இருந்தால் ஒன்றுமில்லை. மணிக்கணக்காக, மாதக்கணக்காக இருந்தால் நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, நரம்பு பட்டினி கிடக்கிறது.

உங்கள் நாளை நினைத்துப் பாருங்கள். வெட்டு மேசைமேல் குனிந்து, இடது முழங்கையை ஊன்றித் துணியை அழுத்திக்கொண்டு, வலது கையால் கத்தரி ஓட்டுகிறீர்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால் பச்சைச் சீருடைத் துணிகள் மலைபோல் குவியும் நாட்களில் இது எத்தனை மணி நேரம் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரவில், மலேசியாவில் வேலை செய்யும் மகனோடு இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசுவதாகவும் கடிதத்தில் வேறோரிடத்தில் எழுதியிருந்தீர்கள். பிறகு கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம். பகலில் ஊன்றுவது வெளியிலிருந்து நசுக்குகிறது, இரவில் மடக்குவது உள்ளிருந்து இறுக்குகிறது. அந்த நரம்புக்கு ஓய்வு என்பதே கிடைக்கவில்லை. விடியற்காலையில் மதமதப்பு எழுப்பிவிடுவதற்கும், நீட்டினால் தணிவதற்கும் காரணம் இதுவே.

எந்த நரம்பு என்பதை விரல்கள் சொல்லும். சுண்டுவிரலும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் அல்னார் நரம்பின் சொத்து. மோதிரவிரலின் மறுபாதி இன்னொரு நரம்பைச் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மகளிடம் ஒரு நூல் நுனியைக் கொடுத்து, மோதிரவிரலின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். ஓர் ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் துணி போர்த்தியதுபோலவும் தெரிந்தால், ஒரே விரலில் அப்படி நடு வகிடு எடுத்துப் பிரிப்பது பெரும்பாலும் அல்னார் நரம்பின் வேலை. அடுத்து, சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்கு 5 சென்டிமீட்டருக்கும் மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே புறங்கையும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது.

கழுத்து என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்தில் கடைசி நரம்பு வேர்கள் அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும். ஆனால் அப்போது மரப்பு மணிக்கட்டில் நின்றுவிடாமல் முன்கையின் உட்புறத் தோலுக்கும் ஏறிவரும், கழுத்தைத் திருப்பினால் மின்னல்போல் வலி இறங்கும். முழங்கை நரம்புக் கோளாறில் முன்கைத் தோலின் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்வு தெரியும். அந்தப் படத்தைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. பணிக்கு வந்த புதிதில் ஒரு பத்தர் என்னிடம் வந்தார். நகைப் பட்டறையில் இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றி வேலை செய்பவர். விரல் மரப்பு என்றார். எக்ஸ்ரேயில் கழுத்துத் தேய்வு இருந்தது. கழுத்துக்கே மருத்துவம் செய்தேன், பட்டை போடச் சொன்னேன், மாதக்கணக்காக. அவருடைய முழங்கையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒருநாள் அவர் குறடு பிடித்திருந்த விதம் கண்ணில் பட்டது. கட்டைவிரல் நுனி மடிந்து நகத்தால் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கையைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் மகள் பார்த்த அதே பள்ளம். அறுவை செய்து மதமதப்பு போயிற்று. பிடிமானம் முழுதாகத் திரும்பவேயில்லை. கல் பதிக்கும் வேலையை அவர் விட்டுவிட்டார். அன்றிலிருந்து விரல் மரப்பு என்று வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு சட்டைக் கைகளையும் தோள்வரை சுருட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

அந்தக் கட்டைவிரல் மடிப்பை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சட்டைக் கழுத்துக்கு வைக்கும் மாதிரி அட்டையை, பூட்டில் சாவியைத் திருகுவதுபோல் இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடியுங்கள். மகள் அட்டையை மெல்ல இழுக்கட்டும். வலது கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். இடது கட்டைவிரல் நுனிக் கணுவில் மடங்கினால், பிடிக்க வேண்டிய சதை சோர்ந்துவிட்டதால் வேறொரு நரம்பின் தசை அதன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமன் 1915இல் விவரித்த சோதனை இது. நூறு வருடம் கடந்தும் இதற்கு ஈடான எளிய சோதனை இல்லை. இன்னொன்று, நடுவிரலை ஆள்காட்டி விரல்மேல் ஏற்றிப் பின்னிக் காட்டுங்கள். இடது கையில் அது முடியாமல் போனாலும், விரல்களைச் சேர்க்கச் சொன்னால் சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி நின்றாலும் அதே செய்திதான்.

முழங்கையை முழுதாக மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். மதமதப்பு கிளம்புகிறதா பாருங்கள். கிளம்பியதும் நீட்டிவிடுங்கள், பொறுமையைச் சோதிக்க வேண்டாம். எலும்பு முண்டுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் ஆரோக்கியமான பலருக்கும் அங்கே சுரீர் என்று தெறிக்கும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதய பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஈசிஜி எடுத்தது சரிதான், சர்க்கரை உள்ளவர் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் மாதக்கணக்காக இரண்டே விரலில், கையை மடக்கினால் வருவதும் நீட்டினால் போவதுமாக இருப்பது இதயத்தின் குணம் அல்ல. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், நடந்தால் கூடி நின்றால் குறையும் வலி இவற்றில் எதுவாவது வந்தால் அது வேறு கதை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது, பர்மாவில் இருக்கும் எந்த மருத்துவரும் உங்களிடம் கேட்டே தீர வேண்டிய ஒரு கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து மனம் கோணாமல் படியுங்கள். உடம்பில் எங்காவது நிறம் வெளுத்த அல்லது சிவந்த தழும்புபோல், தொட்டால் உணர்ச்சியில்லாத படை இருக்கிறதா? முதுகு, புட்டம், தொடையின் பின்புறம் போன்ற நீங்கள் பார்க்க முடியாத இடங்களை வீட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களா? தொழுநோய் கிருமி உடம்பில் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்கிறது, அவற்றில் முழங்கை அல்னார் நரம்பு முதல் வரிசையில் இருக்கிறது. நரம்பு தடித்து, எலும்பு முண்டுக்குச் சற்று மேலே கயிறுபோல் விரலுக்கு உருளும். சிலருக்குத் தோலில் படை ஏதும் இல்லாமல் நரம்பு மட்டுமே பாதிக்கப்படுவதும் உண்டு. 2003ஆம் ஆண்டிலேயே நம் நாடு தொழுநோயைப் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. ஆனால் குறைந்துவிட்டது என்பதற்கும் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள்.

உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முழங்கை அழுத்தமே முதல் சந்தேகம். ஆனால் அறுவை மேசைக்குப் போகும் முன் மருத்துவர் தோலையும் நரம்பையும் தடவிப் பார்த்து அதை விலக்க வேண்டும். மருந்தால் ஆறக்கூடியதைக் கத்தியால் மட்டும் தீர்க்கப் பார்ப்பது பெரிய பிழை. அந்த நோயாகவே இருந்தாலும் பயப்படவோ மறைக்கவோ வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கியதுமே பிறருக்குப் பரவும் அச்சமும் நீங்கிவிடுகிறது. மோல்மேன் நகரில் 1898இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு வருடம் தாமதித்ததால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் மக்களிடையே இந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம்.

மரத்துப்போன விரல் எந்தக் காரணத்தால் மரத்திருந்தாலும், இஸ்திரிப் பெட்டியிடம் கவனமாக இருங்கள். சூடு தெரியாத சுண்டுவிரல் பெட்டியின் ஓரத்தில் பட்டுக் கொப்புளம் கண்ட பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. சர்க்கரை இருப்பதால் அந்தப் புண் ஆறவும் நாளாகும்.

சர்க்கரையைப் பற்றிச் சொல்லவேண்டும். சர்க்கரையால் வரும் நரம்புக் கெடுதல் வழக்கமாகப் பாதங்களில், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தொடங்கும். ஒரு கையின் இரண்டு விரலில் மட்டும் அது தொடங்குவது அரிது. ஆனால் சர்க்கரை ஊறிய நரம்பு, சிறிய அழுத்தத்தையும் தாங்காது. பக்கத்துக் கடைக்காரர் இதே அளவு ஊன்றி வேலை செய்தும் அவருக்கு ஒன்றும் வராமலிருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரைச் சோதனையைச் செய்து, முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். பத்து வைட்டமின் ஊசியால் பயனில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. உடம்பில் பி12 குறைந்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். நசுங்கிக் கிடக்கும் நரம்பை அது விடுவிக்காது. மருந்துக் கடைகளில் நான்கைந்து மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டித் தரும் பொட்டலத்தை நீங்கள் தொடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாய் மறையும், சர்க்கரை எகிறும், நீங்கள் குணமானதாக நம்பி இன்னும் இரண்டு மாதம் இழப்பீர்கள். உருவிவிடுவதும் இன்றோடு முடியட்டும். தசைப்பிடிப்புக்கு உருவுவது வேறு. எலும்பின்மேல் ஓடும் வீங்கிய நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பது, காயத்தின்மேல் காயம் செய்வது.

சதை குறையாத, மதமதப்பு மட்டும் வந்து போகிற நிலையில் நீங்கள் எழுதியிருந்தால், மூன்று மாதம் பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். லேசான நிலையில் உள்ள பலருக்கு அதுவே போதும். உங்களுக்கு அது மட்டும் போதாது, ஆனாலும் இன்றிரவே தொடங்குங்கள். ஒரு துவாலையைத் தளர்வாகச் சுருட்டி முழங்கையைச் சுற்றி, மடக்க முடியாத அளவுக்கு மட்டும் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு படுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, முழு நேர்கோடாகவும் நீட்டக் கூடாது, சற்றே வளைந்திருந்தால் போதும். மகனோடு பேசும்போது காதில் மாட்டும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் பேசுங்கள். வெட்டு மேசையின் உயரத்தைக் கூட்டினால் குனிந்து ஊன்ற வேண்டியிருக்காது. துணியை அழுத்த முழங்கை வேண்டாம், இரண்டு கனமான இரும்புத் துண்டுகளைத் துணியில் பொதிந்து வைத்தால் அவை அந்த வேலையைச் செய்யும். மின்சாரம் போய்க் கால்மிதி இயந்திரத்தில் தைக்கும்போது முழங்கைகள் மேசை விளிம்பில் படுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

இனி அவசரம் ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். நரம்பை மின்கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலுறை மட்டும் கெட்டிருந்தால், அழுத்தம் நீங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ அது சரியாகிவிடும். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் அறுந்தால்தான் சதை குறையத் தொடங்கும். அறுந்த இழை முழங்கையிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலிருந்து அந்தக் கட்டைவிரல் சந்துச் சதைவரை சுமார் 30 சென்டிமீட்டர் தூரம். அதாவது 300 நாள், பத்து மாதம். நரம்பின் தொடர்பு இல்லாமல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிடந்த தசை பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் எழுந்திருக்காது. பள்ளம் எப்போது தொடங்கியது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. மகள் கண்டது எப்போது என்பது மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு மாதமும் அந்த ஒன்றரை வருடத்திலிருந்து கழிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் முதலில் நரம்புக் கடத்தல் சோதனை எழுதித் தருவார். சிறிய மின்துடிப்பைக் கொடுத்து, அது முழங்கையைக் கடக்கும்போது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். வினாடிக்கு 50 மீட்டருக்குக் கீழே இறங்கினாலோ, முன்கையில் ஓடும் வேகத்தைவிடப் 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ, அடைப்பு முழங்கையில்தான். கொஞ்சம் சுரீர் என்று இருக்கும், தாங்கக்கூடியதே. சதை ஏற்கெனவே குறைந்திருப்பதால் மெல்லிய ஊசியைத் தசையில் வைத்தும் பார்ப்பார்கள். பெகுவில் இந்த வசதி கிடைக்காவிட்டால் யாங்கோனுக்கு வந்துவிடுங்கள். எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இங்கே இருக்கிறது. சோதனைக்கு நாள் கிடைக்கத் தாமதமானால், அதற்காக அறுவை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை என்றதும் கை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது இறுகிய கூரையைத் திறந்து நரம்புக்கு வழிவிடுவது. உங்கள் பாஷையில், பட்டியின் தையலைப் பிரித்து நாடாவை விடுவிப்பது. பெரும்பாலோருக்கு அது மட்டும் போதும். நரம்பு முண்டின்மேல் துள்ளி விழுகிறதென்றால் அதை முன்பக்கம் நகர்த்தி வைப்பார்கள். பல நேரம் அன்றே வீடு திரும்பலாம், இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். பலனைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரவு மதமதப்பு முதலில் போகும். விரல் உணர்ச்சி மெல்லத் திரும்பும். பள்ளம் முழுவதும் நிரம்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருக்கும் சதையைக் காப்பதே முதல் நோக்கம்.

உங்கள் மைத்துனருக்கு வேறு வியாதி. அவருக்கு ஒரு மரப்பும் இல்லை, வெளிப்பக்க வலி மட்டும் என்கிறீர்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டின்மேலேயே தொட்டால் உயிர் போகிறதென்றால் அது தசைநார் தேய்வு, டென்னிஸ் எல்போ என்று எல்லாரும் சொல்வது. முண்டில் இல்லாமல், அதற்கு மூன்று நான்கு விரற்கடை கீழே முன்கைச் சதைக்குள் அழுத்தினால் வலி கிளம்புகிறதென்றால், ரேடியல் நரம்பை நினைக்க வேண்டும். அந்த நரம்பின் ஆழமான கிளை, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் தசையின் ஊடே புகுந்து போகிறது. மாவை வீசி விரிக்கும்போது கையை நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தத் தசையை அவர் முறுக்குகிறார். நடுவிரலை நீட்டச் சொல்லி நீங்கள் மேலிருந்து கீழே அழுத்தினால் அந்த ஆழமான இடத்தில் வலி எழும். டென்னிஸ் எல்போவிலும் இது ஓரளவு வலிக்கும் என்பதால், வலி எழும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கோளாறில் மின்சோதனை பெரும்பாலும் சரியாகவே வரும். கைதேர்ந்தவர் விரலால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காவது ஊசி வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். டென்னிஸ் எல்போவாகவே இருந்தாலும், ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் கொடுத்து, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட மோசமாக விட்டுவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடையில் வாங்கி மாட்டும் முழங்கைப் பட்டையையும் கழற்றச் சொல்லுங்கள். அது சரியாக அந்த நரம்பு புகும் இடத்தின்மேல் உட்கார்ந்து இறுக்கும். ஒரு மாதம் மாவு வீசுவதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கல்லடுப்புப் பக்கம் நிற்கட்டும். வீசும் கைக்கு ஓய்வு கிடைத்தால் இது பெரும்பாலும் அடங்கும். என்றைக்காவது அவர் காலையில் எழுந்து விரல்களை நீட்டப் பார்க்கும்போது அவை விரல் முட்டியிலிருந்து தொங்கினால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். வலி இல்லாவிட்டாலும், மரப்பு இல்லாவிட்டாலும் வர வேண்டும். அந்தக் கிளை தோல் உணர்ச்சியைக் கொண்டுபோவதில்லை, செயலிழந்தாலும் மரக்காது. சில நேரம் அங்கே வளரும் கொழுப்புக் கட்டிகூட இதைச் செய்யும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கிறதென்றால் அது மூன்றாவது நரம்பு, மீடியன். இரவில் எழுப்பிவிட்டால் பெரும்பாலும் மணிக்கட்டில் அழுந்துகிறது, முழங்கையைத் தேட வேண்டாம். இரவில் நன்றாகத் தூங்கி, பகலில் கையை முறுக்கி வேலை செய்யும்போது முன்கையின் முன்பக்கம் வலித்து, உள்ளங்கையின் அடிமேடும் மரத்துப்போனால் முன்கையில் அழுந்துகிறது என்று நினைக்கலாம். மரப்பே இல்லாமல் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து வட்டமாக வளைய மறுத்தால், அதுவும் தள்ளிப்போடக்கூடாத ஒன்று.

தம்பி, மருத்துவரிடம் போகும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். மரத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தோலில் பேனாவால் கோடு போட்டு, இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். தேதியோடு இருக்கட்டும், இரண்டு மாதம் கழித்து ஒப்பிட அது உதவும். அட்டை சோதனையில் கட்டைவிரல் எப்படி மடங்குகிறது என்பதையும் படம் எடுங்கள். மருத்துவர் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதத் தொடங்கினால், சட்டையைச் சுருட்டி முழங்கையைக் காட்டுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பள்ளத்தை எப்போது முதலில் பார்த்தாள் என்று அவளே சொல்லட்டும். இந்த வருடச் சீருடைத் துணிகளை வெட்டும் வேலையையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தத் தேதியானாலும் உடனே பதில் போடுகிறேன்.